பொன்னைக் கழுவுதலும் பொன்னை மெருகிடுதலும்

நகையைத் துலக்குதல் என்று நாம் பொதுவாகச் சொல்லும் செயலுக்குள் இரண்டு வேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று கழுவுதல், மற்றொன்று மெருகிடுதல். கழுவும்போது நகையின்மேல் படிந்த அழுக்கு மட்டும் போகிறது. மெருகிடும்போதோ, அழுக்கோடு நகையின் மேற்பரப்பில் உள்ள பொன்னும் இம்மியளவு போகிறது. மராட்டியர் ‘உஜளணே’ என்னும் ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பிடுவது போலவே நாமும் ‘பாலிஷ்’ என்னும் ஒரே சொல்லுக்குள் இரண்டையும் அடக்கிவிட்டோம். சொல் ஒன்றானதும் செயலும் ஒன்றென்ற மயக்கம் பிறந்தது. அழுக்கடைந்த சங்கிலிக்கு வேண்டியது வெதுவெதுப்பான நீர்தான்; ஆயினும் அதை உடனே மெருகுக்கு அனுப்புகிறோம். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை நம் நாட்டார் எவ்வளவு காலமாக அறிந்திருந்தனர் என்பதை இவ்வுரையில் காண்போம்.

தமிழகத்துக்கு வெளியே குடியேறி வாழும் நமக்கு இது வெறும் வரலாற்று ஆராய்ச்சி அன்று. ஊரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பத்தர் இருந்தார். பாட்டியின் அட்டிகையைச் செய்தவரின் பேரன், பேத்தியின் தோட்டுக்குத் திருகு போட்டுத் தருவார். நகையின் எடையும் மாற்றும் பற்று வைத்த இடமும் அவர் நினைவில் இருக்கும். புனே நகருக்கு வந்து ராஸ்தா பேட்டிலும் கட்கியிலும் குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்கள் நகைகளைக் கொண்டு வந்தன. பத்தரைக் கொண்டுவர முடியவில்லை. இலட்சுமி சாலையிலும் சோன்யா மாருதி சௌக்கிலும் இரவிவார் பேட்டிலும் நல்ல பொற்கடைகளுக்குக் குறைவில்லை. 1832இல் சாங்லியில் தோன்றிய காட்கில் குடும்பத்தாரின் கடை 1958இல் புனேக்கு வந்தது. ஆயினும் கடை வேறு, தலைமுறை தலைமுறையாக நகையை அறிந்த கை வேறு. பத்தர் அறிந்திருந்தவற்றுள் சிலவற்றையேனும் வீட்டார் அறிந்துகொள்ள வேண்டிய காலம் இது.

நகையை மெருகிடுவதால் நேரும் இழப்பைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று கௌடிலியரின் அர்த்தசாஸ்திரத்தில் இருக்கிறது. இந்நூலின் ஏட்டுச் சுவடி தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் வழியாக மைசூர் அரசின் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தை அடைந்தது. அங்கே நூலகராக இருந்த ஆர். சாமாசாஸ்திரி அதனை 1909இல் அச்சிட்டு வெளியிட்டார். காவிரிக் கரையில் யாரோ ஒருவர் ஏட்டைக் காத்து வைத்திராவிடில் இன்று நாம் கூறப்போகும் செய்தி நமக்குக் கிட்டியிராது.

அந்நூலின் இரண்டாம் அதிகரணத்தில் பொற்கொல்லர் தொழிலை மேற்பார்வை செய்யும் அதிகாரிக்கு வகுத்த விதிகள் உள்ளன. பொன்னை எந்த நிறத்தில், எந்த எடையில் வாங்கினார்களோ அதே நிறத்தில், அதே எடையில் திருப்பித் தர வேண்டும். நெடுங்காலம் கழிந்தாலும் இயல்பாகத் தேய்ந்ததும் உதிர்ந்ததும் தவிர வேறு குறைவு இருக்கலாகாது என்பது பொது விதி. அடுத்து, பழைய நகை பழுது பார்க்க வரும்போது பொன் குறைவதற்குரிய நான்கு வழிகள் கூறப்படுகின்றன. தட்டுதல், வெட்டுதல், சுரண்டுதல், தேய்த்தல் என்பன அவை. நான்காவதான தேய்த்தலை நூலாசிரியர் விளக்கும் முறை வியப்பளிப்பது. அரிதாரம், மனோசிலை, இங்குலிகம் ஆகியவற்றுள் ஒன்றன் பொடியையோ குருவிந்தக்கல் பொடியையோ துணியில் தடவி நகையைத் தேய்ப்பது அது. இவ்வாறு தேய்த்தால் நகையில் உடைந்த குறி எதுவும் தோன்றாமலேயே பொன்னும் வெள்ளியும் குறைந்துபோகும் என்று அவர் எச்சரிக்கிறார்.

குருவிந்தம் மிகக் கடினமான கல். இன்று உப்புத்தாளில் ஒட்டும் பொடிகளுள் ஒன்று அதன் இனமே. ஆகவே கௌடிலியர் சொல்வது மந்திரமும் அன்று, மாயமும் அன்று. கடினமான பொடி மென்மையான பொன்னை அராவுகிறது. அராவிய பொன் துணியில் தங்குகிறது. துணியை எரித்துச் சாம்பலைப் புடமிட்டால் பொன் மீளும். நகைக்குரியவர் கண்ணுக்கோ பளபளப்பு மட்டுமே தெரியும். பளபளப்பு அதிகமாக அதிகமாக மனநிறைவும் அதிகமாகும். இழப்பும் மகிழ்ச்சியும் ஒரே கணத்தில் நேர்வதுதான் இந்த வேலையின் தனித்தன்மை.

இதனால் பொற்கொல்லர் அனைவரையும் ஐயுற வேண்டும் என்பது நம் கருத்தன்று. மெருகிடும்போது பொன் குறைவது செய்பவரின் குணத்தால் அன்று, செய்முறையின் இயல்பால். நேர்மையான கையும் சிறிது பொன்னைத் துணியிலும் தரையிலும் விட்டே தீரும். மகாராட்டிரத்தில் ‘ஜாரேகரி’ எனப்படும் தொழிலாளர் இருந்தனர். பொற்கடைகளின் குப்பையையும் வாயிலில் படிந்த மண்ணையும் விலை கொடுத்து வாங்கி, நீரில் அரித்து, உருக்கிப் பொன் துகளைப் பிரித்தெடுப்பது அவர்கள் பிழைப்பு. ஒரு தெருவின் குப்பையை நம்பிக் குடும்பங்கள் வாழ முடிந்தது என்றால், அத்தெருவில் உதிர்ந்த பொன் கொஞ்சநஞ்சமன்று என்பது விளங்கும்.

அரசு நகையைக் காத்த முறைக்குத் தமிழகம் தரும் சான்று தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ளது. கி.பி. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் இராசராசனும் அவன் குடும்பத்தாரும் கோயிலுக்களித்த நகைகள் கல்வெட்டில் ஒன்றொன்றாகப் பதிவு செய்யப்பட்டன. பொன்னை நிறுக்க ‘ஆடவல்லான்’ என்னும் எடைக்கல்லும், மணிகளை நிறுக்கத் ‘தட்சிணமேருவிடங்கன்’ என்னும் எடைக்கல்லும் பயன்பட்டன. முத்துகள் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, இரட்டை எனப் பிரிக்கப்பட்டன. அவற்றின் நீரோட்டமும் குளிர்ந்த நீர், சிவந்த நீர் எனக் குறிக்கப்பட்டது. அதனினும் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. கோத்த சரடும், செப்பாணியும், கல்லைப் பதித்த அரக்கும் எடையில் அடங்கியுள்ளன என்பதைக் கூட அக்கல்வெட்டுகள் மறவாமல் கூறுகின்றன. நகை என்பது பொன்னும் மணியும் மட்டுமன்று, நூலும் அரக்கும் சேர்ந்ததே என்று கணக்கெழுதிய அந்தத் தமிழர் அறிந்திருந்தனர். நகையைக் கழுவ முற்படுவோர் முதலில் அறிய வேண்டியதும் அதுவேயாகும்.

தஞ்சைக்கும் மராட்டிய நாட்டுக்கும் உள்ள உறவு சத்திரபதி சிவாஜியின் தம்பி வெங்கோஜி 1676இல் தஞ்சையைக் கைக்கொண்டதில் தொடங்கி 1855 வரை நீடித்தது. ஆகவே நம் நகைப்பெட்டியையும் மராட்டிய மாதின் நகைப்பெட்டியையும் அருகருகே வைத்தால் அந்நியம் தோன்றாது. நம் காசுமாலைக்கு அவர்களுடைய புதளீஹார் தங்கை போன்றது. அவர்கள் மூக்கில் அணியும் நத்து நம் அகராதியிலும் உள்ள சொல்லே. ஒரு வேறுபாடு மட்டும் கண்ணில் படும்: நமக்குக் கெம்பும் வைரமும் போல அவர்களுக்கு முத்து. நத்து, தன்மணி, சிஞ்ச்பேட்டி ஆகிய மூன்றிலும் முத்தே முதன்மை பெறும். பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த பஸ்ரா முத்துகளைப் பேஷ்வாக்கள் காலத்துச் செல்வர் பெரிதும் விரும்பினர்; அணிகலன்களைக் காக்க அரசில் ‘ஜவாஹிர்கானா’ என்னும் தனித்துறையே இருந்தது.

முத்து கரையக் கூடியது என்பதைப் புனே நகரம் ஒரு துயரச் செய்தியின் வாயிலாகவும் நினைவில் வைத்திருக்கிறது. 1761ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் மூன்றாம் பானிபட் போரில் மராட்டியப் படை பேரழிவுற்றது. அச்செய்தி வணிகர் கடிதம் ஒன்றில் மறைபொருளாக எழுதப்பட்டுப் பேஷ்வா நானாசாகேப்பை அடைந்தது. இரண்டு முத்துகள் கரைந்தன, இருபத்தேழு பொன் மொகராக்கள் தொலைந்தன, வெள்ளிக்கும் செம்புக்கும் கணக்கே இல்லை என்பது அதன் கருத்து. முத்துகளாகக் குறிக்கப்பட்டவர் பேஷ்வாவின் மைந்தன் விசுவாசராவும் சதாசிவராவ் பாவும் ஆவர். பேஷ்வா அதே ஆண்டு சூன் மாதத்தில் புனேயின் பார்வதிக் குன்றில் உயிர் நீத்தார். பொன் தொலைந்தால் தேடலாம். முத்து கரைந்தால் மீளாது. நகையறிந்த மக்களிடமிருந்தே இத்தகைய குறிமொழி பிறக்க முடியும்.

முத்து கரைவதற்குக் காரணம் அதன் உடலே. சிப்பியின் வயிற்றில் படலம் படலமாகப் படிந்த கால்சியம் கார்பனேட்டும், அப்படலங்களைப் பிணைக்கும் உயிர்ப்பொருளும் சேர்ந்ததே முத்து. சுண்ணாம்பின் இனமாகையால் புளிப்பு எதுவும் அதற்கு ஆகாது. எலுமிச்சை, புளி, காடி ஆகிய மூன்றும் அதன் மேல்தோலை அரிக்கும். வியர்வை கூடக் காலப்போக்கில் அதன் ஒளியை மங்கச் செய்யும். பவளத்துக்கும் இதுவே விதி. எகிப்து நாட்டில் கிடைத்த பழைய கிரேக்கச் சுவடி ஒன்று இன்று ஸ்டாக்ஹோம் சுவடி எனப் பெயர் பெற்றுள்ளது; அது ஏறத்தாழ கி.பி. 300ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டது. மங்கிய முத்தைத் துலக்க இந்திய நாட்டார் கையாண்டதாக அச்சுவடி ஒரு முறையைக் கூறுகிறது. மாலையில் சேவலுக்கு இரையோடு முத்தை ஊட்டி, காலையில் அதனை மீட்டெடுத்தால் முத்து தூய்மையாகியிருக்குமாம். நம்மவர் உண்மையில் அவ்வாறு செய்தனரோ இல்லையோ, அம்முறையின் உட்பொருளை இன்று விளக்கலாம். சேவலின் இரைப்பையிலுள்ள அமிலமும் கற்களும் முத்தின் மேற்படலத்தையே தின்றுவிட, அடியில் உள்ள புதுப்படலம் ஒளிர்கிறது. இதுவும் மெருகிடுதலே, கழுவுதல் அன்று. முத்து ஒளிபெறும், ஆனால் இளைத்தும் போகும்.

கழுவுதலுக்கென்று நம் நாடு கண்ட பொருள் வேறு. அது பூந்திக்கொட்டை. மராட்டியர் அதனை ‘ரிட்டா’ என்பர். அதன் தோலை நீரில் ஊறவைத்துக் கசக்கினால் நுரை எழும். அதிலுள்ள சப்போனின் என்னும் பொருள் எண்ணெய்ப் பசையை நீரோடு கலக்கச் செய்து அழுக்கை மிதக்க விடுகிறது, உலோகத்தை அராவுவதில்லை. 1753இல் லின்னேயஸ் என்னும் தாவர அறிஞர் இம்மர இனத்துக்குச் சூட்டிய சபிண்டஸ் என்னும் பெயருக்கே இந்தியச் சோப்பு என்பது பொருள். தங்கத்துக்கு இத்தகைய மென்மையே போதும். தூய பொன் காற்றாலும் நீராலும் கறுப்பதில்லை. 22 காரட் பொன்னில் நூற்றுக்கு 91.6 பங்கு பொன். எஞ்சிய செம்பும் வெள்ளியுமே நாளடைவில் சிறிது நிறம் மாறும். நாம் நகையில் காணும் மங்கலில் பெரும்பகுதி மஞ்சள், சந்தனம், தலையெண்ணெய், சோப்பு, தோலின் பசை ஆகியவற்றின் படிவேயாகும்.

எண்ணெய்ப் பசை வைரத்துக்குத்தான் முதற்பகை. வைரம் நீரை விலக்கும். கொழுப்பை இழுத்துப் பிடிக்கும். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி சுரங்கங்களில் இக்குணத்தையே கருவியாக்கினர். உடைத்த பாறைத் துகளை நீரோடு கொழுப்புத் தடவிய மேசைமேல் ஓடவிட்டால் மற்றக் கற்கள் வழிந்தோட, வைரம் மட்டும் ஒட்டிக்கொள்ளும். நாள்தோறும் எண்ணெய் தேய்த்துத் தலைவாரும் மாதின் வைரத்தோடு விரைவில் மங்குவதற்கும் காரணம் இதுவே. கல் கெட்டுப்போகவில்லை; அதன் பின்புறம் எண்ணெய் படிந்திருக்கிறது. பூந்திக்கொட்டை நீரும் மென்மையான பல் தூரிகையும் கால்மணி நேரத்தில் அதனை மீட்டுவிடும்.

ஆயினும் எல்லா நகையையும் நீரில் இடலாகாது. இங்கேதான் தஞ்சைக் கல்வெட்டின் அரக்கு நினைவுக்கு வர வேண்டும். பின்புறம் மூடிய கெம்பு அட்டிகையிலும் பழைய வைரத்தோட்டிலும் கல்லுக்கு அடியில் அரக்கும் ஒளி தரும் மெல்லிய தகடும் இருக்கும். இலந்தைக்கனி வடிவ மணிகளைக் கோத்த மராட்டியப் போர்மாளின் மணிகள் பல, அரக்கை உள்ளே வைத்துப் பொற்றகடு போர்த்தவை. நீர் கொதிப்பதற்கு வெகு முன்பே அரக்கு இளகிவிடும். இடுக்கில் புகுந்த ஈரம் தகட்டைக் கறுக்கச் செய்து கல்லின் ஒளியை அணைத்துவிடும். இவற்றை ஈரம் பிழிந்த துணியால் ஒற்றி எடுப்பதே தக்கது. சிதம்பரத்துக் கவரிங் நகைகளிலோ பொன் என்பது மெல்லிய பூச்சு. அதனைத் தேய்த்தால் சில நாட்களில் செம்பு வெளித்தோன்றும்.

வெள்ளியின் வரலாறு சற்று வேறானது. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு கூடிக் கருமையை உண்டாக்குகின்றன. புனேயில் சூன் முதல் செப்டம்பர் வரை நிலவும் மழைக்கால ஈரத்தில் இது விரைவாக நிகழும். நம் இல்லங்களில் திருநீறு கொண்டு வெள்ளியைத் தேய்ப்பது தொன்றுதொட்ட வழக்கம். சலித்த மென்சாம்பல் கருமையை அகற்றும். எனினும் அகற்றப்படும் கருமையில் வெள்ளியும் கலந்தே போகிறது. வேதியியல் தந்த மாற்றுவழி எளியது. அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் வெந்நீரும் சமையல் சோடாவும் இட்டு, வெள்ளி அத்தாளைத் தொடுமாறு மூழ்கவைத்தால், கந்தகம் வெள்ளியை விட்டு நீங்கிக் கருமை மீண்டும் வெள்ளியாகவே மாறிவிடும். கல்லும் முத்தும் பதித்த வெள்ளிக்கும், வேலைப்பாட்டுக்கென்றே கருமையிட்ட வெள்ளிக்கும் இது பொருந்தாது. வெள்ளியை இரப்பர் வளையமிட்டுக் கட்டி வைத்தலும் தவறு. இரப்பரிலும் கந்தகம் உண்டு.

நாடு விடுதலை பெற்ற பின் நகைத் தொழில் கண்ட பெரும் மாற்றம் 1963ஆம் ஆண்டு சனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாடு. மொரார்ஜி தேசாய் நிதி அமைச்சராக இருந்தபோது 14 காரட்டுக்கு மேற்பட்ட தங்கத்தில் புது நகை செய்வது தடுக்கப்பட்டது. பொற்கொல்லர் பலர் தொழிலிழந்து வறுமையுற்றனர். 1966இல் அத்தடை தளர்ந்தது. 1968இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல் நீக்கப்பட்டது. 14 காரட் பொன்னில் பாதிக்குச் சற்று மேற்பட்டதே தங்கம். செம்பு மிகுதியாகையால் அது விரைவில் நிறம் மாறும். குடும்பத்தில் தலைமுறை தாண்டி வந்த நகைகளுள் ஒன்று மட்டும் அடிக்கடி கறுத்தால், அதனைத் தேய்ப்பதற்கு முன் அது எக்காலத்தில் செய்யப்பட்டது என்று கேட்டறிதல் நன்று. 2021ஆம் ஆண்டு சூன் 16 முதல் தங்க நகைக்கு முத்திரை இடுதல் படிப்படியாகக் கட்டாயமாகி வருகிறது. அம்முத்திரையும் ஆறெழுத்து அடையாளக் குறியும் மிகச் சிறியவை. அடிக்கடி மெருகிட்டால் பொன்னோடு சேர்ந்து அந்தச் சான்றும் தேய்ந்து மறையும்.

கௌடிலியர் கூறிய நான்கு வழிகளோடு பிற்காலம் ஐந்தாவது ஒன்றையும் சேர்த்தது. அதுவே இராசத் திராவகம். உப்பமிலம் மூன்று பங்கும் வெடியமிலம் ஒரு பங்கும் கலந்த இந்நீர் பொன்னையும் கரைக்க வல்லது. 1940இல் செருமானியப் படை டென்மார்க்கைக் கைப்பற்றியபோது, கோபனேகன் நகர ஆய்வுக்கூடத்தில் இருந்த ஹெவெசி என்னும் அறிஞர் இரண்டு நோபல் பதக்கங்களை இத்திராவகத்தில் கரைத்துச் சாதாரணக் குப்பியைப் போல அலமாரியில் வைத்துவிட்டார். படையினர் அதனைத் திரும்பியும் பார்க்கவில்லை. போருக்குப் பின் அப்பொன் மீட்கப்பட்டு மீண்டும் பதக்கங்களாக வார்க்கப்பட்டது. பொன் கரைந்தாலும் அழிவதில்லை என்பதற்கு இது சான்று. இதே உண்மையைத்தான் வீட்டு வாயிலில் வந்து நின்று, நகையைப் புதிதுபோல் ஆக்கித் தருவதாகச் சொல்லும் ஏமாற்றுக்காரரும் பயன்படுத்துகின்றனர். அவர் கலத்தில் மூழ்கி எழுந்த சங்கிலி பளபளக்கும். கரைந்த பொன் கலத்திலுள்ள நீரோடு அவருடன் போய்விடும். மொழி தெரியாத ஊரில், பகலில் தனித்திருக்கும் பெண்களும் முதியோருமே இதற்கு எளிதில் இரையாகின்றனர். இத்தகையோரை வாயிலோடு திருப்பி அனுப்புவதே முறை.

ஆகவே வரலாறு நமக்குத் தரும் நடைமுறையைச் சுருங்கக் கூறலாம். நகையைக் கழுவுமுன் அது எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும்: வெறும் பொன்னா, திறந்த கட்டடத்தில் கல் பதித்ததா, அரக்கு உள்ளதா, முத்து கோத்ததா என்று. வெறும் பொன்னுக்கும் திறந்த கட்டடத்து வைரத்துக்கும் வெதுவெதுப்பான நீரும் பூந்திக்கொட்டையும் போதும். கழுவுநீர்த் தொட்டியில் கழுவாமல் அகன்ற பாத்திரத்தில் கழுவி, நீரை வெள்ளைத் துணியில் வடித்துப் பார்த்தபின் கொட்டினால் கழன்ற கல்லும் திருகும் தப்பா. முத்தை அணிந்து கழற்றியதும் மென்துணியால் துடைத்து, தனிப்பையில் வைக்க வேண்டும்; வைரத்தோடு சேர்த்து வைத்தால் வைரம் பொன்னையும் முத்தையும் கீறும். பற்று வைக்கவோ மெருகிடவோ கடைக்குத் தரும்போது, நம் கண்முன் நிறுத்து, எடையைச் சீட்டில் எழுதி வாங்கி, திரும்பப் பெறும்போது மீண்டும் நிறுத்தல் வேண்டும். நேர்மையான கடைக்காரர் இதனைக் குறையாகக் கொள்ளார். கோயிலுக்களித்த நகையையே அரசன் நிறுத்து எழுதிய நாடு நமது.

அத்தகைய பதிவேடு ஒன்று ஒவ்வொரு இல்லத்திலும் இருப்பது நலம். நகையின் பெயர், எடை, கற்களின் எண்ணிக்கை, யார் யாருக்கு எப்போது தந்தது, எந்த ஆண்டில் எங்கே பழுது பார்த்தது என்னும் விவரங்கள் அதில் இருக்க வேண்டும். பெயர்களைத் தமிழிலேயே எழுத வேண்டும். புனேயிலும் மும்பையிலும் தில்லியிலும் பிறந்து வளரும் நம் மக்கள் ஒட்டியாணத்தையும் வங்கியையும் கண்ணால் காண்பர்; அவற்றின் பெயரை அறியாது போகவும் கூடும். ஆண்டுக்கு ஒருமுறை நகையைக் கழுவ எடுக்கும் நாளில் பிள்ளைகளையும் அருகில் அமர்த்தி அப்பதிவேட்டைப் படிக்கச் செய்தால், பத்தர் நினைவில் வைத்திருந்தவற்றுள் ஒரு பகுதி அவர்கள் நினைவில் தங்கும்.